எதைத் திட்டம் போட்டுக் கட்டுவது, எதைப் போகப்போகச் செய்வது?

அஜைலா (சிறு சுற்றுகளாகக் கட்டி, காட்டித் திருத்திக்கொண்டே போவது), முன்திட்டமா (முதலிலேயே முழுதாக எழுதி முடிவு செய்துவிட்டுக் கட்டுவது) என்று மொத்த மென்பொருளுக்கும் ஒரே பதில் தேடும்போதுதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஒரே ஆப்புக்குள் இரண்டும் தேவைப்படும். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கொள்முதல் ஆப் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். குழுவில் மூன்று பேர், கையில் ஐந்து மாதம்.

படி 1: பிரித்து மதிப்பெண் போடுங்கள்

ஆப்பின் ஒவ்வொரு பகுதியையும் ஓர் அட்டையில் எழுதுங்கள்: எடைப் பதிவு, மாதப் பட்டுவாடா, சிக்னல் இல்லாதபோது சேமித்து அனுப்புதல், ஏஜெண்டின் திரை, விவசாயிக்கு எஸ்எம்எஸ், அறிக்கைகள். மென்பொருள் பொறியியல் வல்லுநர்களான பேரி போமும் ரிச்சர்ட் டர்னரும் 2003-ல் ஐந்து அளவுகோல்களைச் சொன்னார்கள்: குழுவின் அளவு, தவறினால் வரும் இழப்பு, தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் திறமை, குழுவின் பழக்கம். இவ்வளவு சிறிய குழுவுக்கு இழப்பு, வேகம் இரண்டும் போதும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடுங்கள். இழப்பு 4 அல்லது 5 என்றால் முன்திட்டம், மற்றவை ஸ்பிரிண்டுக்கு, அதாவது இரண்டு வாரச் சுற்று வேலைக்கு.

இரண்டுமே உயர்ந்து நிற்கும் பகுதிதான் சிக்கல். மழைக்கால ஈர இலைக்குப் பிடிக்கும் எடைக்கழிவு அப்படிப்பட்டது. அதை இரண்டாக உடையுங்கள்: கணக்கிடும் முறை மாறாது, சதவீதம் மட்டும் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற குறிப்போடு செட்டிங்கில் இருக்கட்டும். சதவீதத்தைக் கோடிங்கில் பதித்துவிட்டால், அது மாறும் நாளில் பழைய மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

படி 2: முன்திட்டப் பகுதியை எழுதி முடியுங்கள்

நான்கு பக்கம் போதும். ஆனால் கோடிங் தொடங்கும் முன் தொழிற்சாலைக் கணக்கர் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள். ஃப்ளோட்டில் (தசம எண்ணைக் கணினி தோராயமாக வைக்கும் முறை) 0.1-ம் 0.2-ம் சேர்ந்தால் துல்லியமாக 0.3 வராது. ரவுண்ட் செய்யும் இடத்தையும் எழுதிவிடுங்கள். 18.450 கிலோவை 17.35 ரூபாயால் பெருக்கினால் 320.1075. இதைத் தினமும் ரவுண்ட் செய்தால் மாதக் கடைசியில் சில பைசா இடிக்கும், பேரேடு ஒத்துப்போகாது. மாத மொத்த எடையைப் பெருக்கி ஒரே முறை ரவுண்ட் செய்யுங்கள்.

பதிவை அழிக்க வழி வைக்காதீர்கள். பிழை இருந்தால் அதே அளவைக் கழிக்கும் எதிர்ப்பதிவு போடட்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்ப்போய் வரும், அதனால் ஒரே பதிவு இருமுறை சர்வருக்குப் போகும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்படி செய்தால் இரட்டைப் பட்டுவாடா நடக்காது. கணக்கர் கையால் போட்ட 20 கணக்குகளே உங்கள் டெஸ்ட்.

படி 3: திரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்

டெமோவை அலுவலகத்தில் காட்டாதீர்கள், இலை எடைபோடும் கொட்டகையில் காட்டுங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கட்டுப்படாது என்பது அங்கேதான் தெரியும். பெரிய எண் பொத்தான்கள், குறைந்த தட்டல்கள் என்று ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இரண்டு மூன்று மாற்றம் போதும். ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று அங்கேயே முடிவு சொல்லக்கூடிய ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவர் இல்லாத ஸ்பிரிண்ட் வீண்.

படி 4: நடுவே வேலி போடுங்கள்

திரைப் பகுதியும் கணக்குப் பகுதியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் இடைமுகமான ஏபிஐக்குப் பதிப்பு எண் கொடுங்கள். புதிய புலம் (தகவலுக்கான கட்டம்) சேர்க்கலாம். இருக்கும் புலத்தின் பொருளை மாற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ‘எடை’ என்பது கழிவுக்கு முன்பா பின்பா என்பதை யாராவது சத்தமில்லாமல் மாற்றினால், அந்த மாதப் பணம் முழுக்கத் தவறும்.

படி 5: தேதியைக் கொழுந்து வரத்தைப் பார்த்துக் குறியுங்கள்

உறைபனியால் வரத்து குறையும் ஜனவரி, பிப்ரவரியில் ஓடவிடுங்கள். மாதக் கடைசி வாரத்தில் எதையும் வெளியிட வேண்டாம். முதல் மாதம் முழுக்கக் காகித நோட்டும் கூடவே ஓடட்டும். தினமும் இரவு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை அடுத்த ஸ்பிரிண்டைத் தொடங்காதீர்கள்.