கல்லா கைக்கு வந்ததும் வாரிசுகள் செய்கிற தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல வருடங்களாகக் கணக்கு பார்க்கிறேன். அப்பா காலமாகி, காரியம் முடிந்ததும் மகன் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பேங்க்ல கையெழுத்தை எப்போ மாத்தலாம் சார்?" கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பவர்கள் குறைவு. தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அப்பாவின் நாற்காலியில் உட்கார்வது வேறு, அப்பாவின் சொத்துக்கு உரிமையாளர் ஆவது வேறு.

இதே மும்பையில் பாருங்கள். ரத்தன் டாடா 1991 முதல் 2012 வரை டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் தலைவராக இருந்தார். அந்த நிறுவனத்தில் அவருடைய சொந்தப் பங்கு 1 சதவீதம்கூட இருக்கவில்லை. சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. 2017இல் அதே நாற்காலிக்கு வந்த என். சந்திரசேகரன் மோகனூர்க்காரர், அந்தக் குடும்பத்தில் பிறந்தவரே இல்லை. நாற்காலியையும் உரிமையையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த வீடுகள் அபூர்வம்.

பெரிய தவறு, உயில் பற்றிப் பேசாமலே இருப்பது. "அப்பா இருக்கும்போதே இதைக் கேட்டால் என்ன நினைப்பார்" என்று பிள்ளைகள் தயங்குவார்கள். அவரும் தானாகச் சொல்ல மாட்டார். திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் காலமானார். அண்ணன் தம்பி பிணக்கு ஊருக்கே தெரிந்து, கடைசியில் தாயார் கோகிலாபென் நடுவில் நின்று 2005 ஜூனில் தொழிலைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வக்கீல்கள் சூழ இருந்த வீட்டிலேயே அப்படி என்றால், நம் வீடுகளைப் பற்றி என்ன சொல்ல?

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சுய சம்பாத்தியம் அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. அந்தக் குடும்பங்கள் தனியாக ஆலோசனை கேட்பது நல்லது.) பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. "நாமினி நான்தானே" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கம்பெனிப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இங்கே அக்கா தங்கைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துக்கம் ஆறும் முன்பே, "என் பங்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் நம்மிடம் நிறைய. நான் பார்த்த ஒரு வீட்டில், பத்திரத்தைப் படிக்காமலே தங்கை கையெழுத்துப் போட்டாள். சில வருடம் கழித்து கிடங்கு இருந்த மனை நல்ல விலைக்குப் போனபோது பேச்சுவார்த்தை நின்றது, தீபாவளிப் போக்குவரத்தும் நின்றது. பங்கு கொடுப்பதோ பணமாகக் கொடுப்பதோ உங்கள் வீட்டு ஏற்பாடு. ஆனால் மதிப்பைக் காட்டி, அவளுக்கென்று ஒரு வக்கீல் பார்த்த பிறகு செய்யுங்கள். சென்னையில் முருகப்பா குழுமத்தில், 2017இல் தந்தை காலமான பிறகு மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். அது சமரசத்துக்கு வர 2023 ஆனது.

அப்புறம், வந்த முதல் மாதமே பழைய கணக்குப்பிள்ளையை அனுப்பிவிடுவது. எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் கடன் தாங்கும், யார் வாய் வார்த்தைக்கே பணம் கொடுப்பார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்காது, அவர் தலையில் இருக்கும். ஒரு வருடமாவது கூட வைத்துக்கொண்டு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதுவதை மட்டும் முதல் நாளே நிறுத்துங்கள். பங்குதாரரான சித்தப்பாவுக்கு உங்கள் மேல் முதல் சந்தேகம் அதில்தான் வரும்.

கடைசியாக ஜாமீன் கையெழுத்து. அப்பா போய்விட்டார், கடனைப் புதுப்பிக்க வேண்டும் என்று வங்கி காகிதங்களை நீட்டும். அப்பா போட்ட ஜாமீனுக்கு, அவர் விட்டுப்போன சொத்திலிருந்து உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. நீங்கள் புதிதாகப் போடும் கையெழுத்துக்கு அந்த எல்லை கிடையாது, உங்கள் சொந்த ஃபிளாட்டும் அதில் அடங்கும். கம்பெனி திவால் நடவடிக்கையில் மீண்டு வந்தாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021 மே மாதத் தீர்ப்பு. அதனால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அப்பா எங்கெல்லாம் ஜாமீன் நின்றார் என்று வங்கியிடமே எழுத்தில் பட்டியல் வாங்குங்கள். புது ஜாமீனுக்கு ஒரு உச்ச வரம்புத் தொகை போடச் சொல்லிக் கேளுங்கள். நான் பார்த்தவரை, கேட்டவர்களில் சிலருக்காவது அது கிடைத்திருக்கிறது.