மரத்தடி மழைநீர் கொண்டுவரும் சத்தை அளந்து பார்ப்பது எப்படி

கொங்கு நாட்டில் வரப்போரம் தேக்கும் தோட்டத்துக்குள் மலைவேம்பும் வைத்திருப்பவர்கள், உரக்கணக்கில் இலை கழுவிய மழைநீரைச் சேர்ப்பதில்லை. இலைத் திசுவில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) எதனோடும் இறுகப் பிணையாமல் கரைந்தே இருப்பதால், மழை பட்டதும் எளிதில் கசிந்துவிடுகிறது. தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி புரதத்தில் கட்டுண்டிருப்பதால், சருகு மக்கிய பின்பே மண்ணுக்குக் கிடைக்கிறது.

20 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல்களைக் கேன்களில் பொருத்தி, ஒன்றை வெட்டவெளியிலும் ஐந்தாறை மரத்தடியில் வெவ்வேறு தொலைவிலும், மண் தெறிக்காதபடி முழங்கால் உயரத்தில் வையுங்கள். அந்தப் புனலில் 10 மி.மீ. மழைக்கு 314 மி.லி. நீர் சேரும். சொட்டு எங்கும் ஒரே சீராக விழாது என்பதால் ஒரே கேனை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பறவை எச்சம் விழுந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

அடிமரத்தில் வழியும் நீரைப் பிடிக்க, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, சரிவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, இடைவெளியை மெழுகால் அடைத்து, நுனியைக் குடத்துக்குள் விட வேண்டும். ஆணி அடிக்க வேண்டாம். சொரசொரப்பான பட்டை முதலில் தானே நனைந்து குடிக்கும் என்பதால், தூறலுக்குக் குடம் காலியாகவே இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரை வெட்டவெளி நீரிலும் மரத்தடி நீரிலும் வைத்துப் பாருங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் சித்திரையில் பெய்யும் கோடை மழையின் முதல் நீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இறங்கும், மீட்டரும் எகிறும். ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாளில் வித்தியாசம் சுருங்கிவிடும். ஆனால் மீட்டர் காட்டுவது இலைமேல் படிந்த புழுதியின் உப்பையும் சேர்த்துத்தான். சாம்பல் சத்தை மட்டும் அறிய ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆய்வகம் சொல்லும் மி.கி./லிட்டர் அளவை, மரத்தடியில் விழுந்த மழையின் மி.மீ. அளவால் பெருக்கி 250-ஆல் வகுத்தால், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பது ஏறத்தாழத் தெரியும்: 5 மி.கி., 50 மி.மீ. என்றால் 1 கிலோ.

இதில் புழுதியோடும் மழையோடும் வந்ததே புது வரவு. மற்றது வேர் கீழிருந்து எடுத்ததை இலை திருப்பிக் கொடுப்பதுதான். அது வாரியில் ஓடிப் போகாமலிருக்க, சரிவின் கீழ்ப்புறம் அரைவட்டக் கரை போடுங்கள், ஆனால் தண்டையொட்டி மண் அணைக்காதீர்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.