தில்லியில் பழைய வண்டியை ஸ்கிராப் செய்து வரிச் சலுகை வாங்குவது எப்படி?

ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் நம்மவர்கள் வீட்டு வாசல்களில் அப்பா ஓட்டிய ஸ்கூட்டரோ பழைய மாருதியோ தூசி படிந்து நிற்பதைப் பார்க்கலாம். தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் கொஞ்சம் தளர்வு வந்தது. ஆனாலும் பழைய எஞ்சின் கக்கும் புகையை நம் பிள்ளைகள்தானே சுவாசிக்கிறார்கள்? கழித்துவிடுவதே நல்லது.

தெருவில் வரும் கபாடிக்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) மட்டும் கொடுக்காதீர்கள். வண்டி போய்விடும், பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த எண்ணை வேறு யாராவது மாட்டிக்கொண்டு ஓட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை எடுங்கள். வங்கிக் கடன் பதிவு இருந்தால் நீக்க வேண்டும். பாக்கி செல்லான்களை (போக்குவரத்து அபராதங்களை) அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். அப்புறம் வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், எண் தெரியும். உரிமையாளர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான ஆதாரமும் வேண்டும்.

அடுத்து, அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்கள் இரண்டு மூன்றிடம் விலை கேளுங்கள். புது வண்டியின் ஷோரூம் விலையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்பது 2021-ல் மத்திய அரசு சொன்ன கணக்கு. திருட்டு வண்டியா என்று காவல்துறைப் பதிவில் மையமே சரிபார்க்கும்.

வண்டியை ஒப்படைத்ததும் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். எல்லாச் சலுகைக்கும் இதுதான் ஆதாரம், வாங்காமல் கிளம்பாதீர்கள். பெயரும் வண்டி எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். பிற்பாடு, வண்டியை உடைத்ததற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

புது வண்டி வாங்கும்போது டெபாசிட் சான்றிதழை டீலரிடம் கொடுத்தால் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் மாநிலங்கள் குறைக்கலாம் என்கிறது மத்திய விதி. தில்லியில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று முன்பணம் கட்டும் முன்பே ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள். டீலர் போடும் விலைப்பட்டியலில் அந்தத் தள்ளுபடியைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். டெபாசிட் சான்றிதழ் குறிப்பிட்ட காலம்தான் செல்லும். அதற்குள் புது வண்டி வாங்கும் எண்ணம் இல்லையென்றால், அதை இணையவழியில் இன்னொருவருக்கு விற்றுவிடலாம்.