'அவர்' என்பதை 'நீர்' என்று திருப்புங்கள்: சந்தேகத்தோடு ஜெபிக்கும் முறை

சந்தேகமும் சோர்வும் வந்துவிட்ட விசுவாசி பெரும்பாலும் ஜெபத்தை நிறுத்திவிடுவதில்லை. உள்ளே கிடப்பதை மட்டும் ஜெபத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய், தருமபுரிக்குத் திரும்பும் பேருந்தில் "அவர் கேட்கிறாரா என்றே தெரியவில்லை" என்று முணுமுணுக்கிறது. கடவுளிடம் கொண்டுபோக வேண்டியது அந்த முணுமுணுப்பைத்தான்.

அதற்கு முதலில் செய்ய வேண்டியது, 'அவர்' என்று ஓடும் வாக்கியத்தை 'நீர்' என்று திருப்புவது. "அவர் என்னை மறந்துவிட்டார்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் குறை. "நீர் என்னை மறந்துவிட்டீரே" என்று அவரிடமே சொன்னால் ஜெபம். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 23-ஆம் சங்கீதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். புல்லுள்ள இடங்களில் நடக்கும்வரை கர்த்தரைப் பற்றி 'அவர்' என்றே பேசிவரும் பாடல், மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் 4-ஆம் வசனத்தில் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவர் முகம் பார்த்துத் திரும்பிவிடுகிறது. 13-ஆம் சங்கீதம் அதற்கும் காத்திராமல், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது.

அடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "என் விசுவாசம் குறைந்துவிட்டது" என்பது எவருக்கும் பொருந்தும் வாக்கியம். ஒரு பருவத்தில் எங்கள் பெங்களூரா மாமரங்களின் பூ தத்துப்பூச்சியால் கருகி உதிர்ந்தபோது, இரண்டு வாரம் "சர்வ வல்லமையுள்ள பிதாவே" என்று தொடங்கும் மனப்பாட ஜெபத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விடியற்காலையில், மோட்டார் போடப் போன இடத்தில், "ரெண்டு தடவ மருந்து அடிச்சும் பூ நிக்கலியே ஆண்டவரே, வட்டிக்காரருக்கு நான் என்ன சொல்றது, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். உதிர்ந்த பூ திரும்பி வரவில்லை. ஆயினும் அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த முதல் ஜெபம் அதுவென்றே இன்றும் எண்ணுகிறேன். வீட்டில் பேசும் தமிழ் கடவுளுக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

சந்தேகம் போலத் தோன்றுவது சில வேளைகளில் உடம்பின் களைப்பாக இருக்கும். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு உடனே உபதேசம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருமுறை வந்தன, இடையே தூக்கமும் கிடைத்தது (1 இராஜாக்கள் 19). ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர், வெறும் வயிற்றோடு இந்தக் கேள்விகளோடு மல்லுக்கு நிற்காமல், களியைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, அதன்பின் கேட்கட்டும். நாள்கணக்கில் தூக்கமில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அதை விசுவாசக் குறைவு என்று சொல்பவரிடம் எலியாவுக்கு வந்த அடையை நினைவூட்டுங்கள்.

கேட்டு முடித்ததும் அவசரமாக ஸ்தோத்திரத்துக்குத் தாவ வேண்டாம். 88-ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல் முடிகிறது. அதை வைத்து யாரும் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை, ஆனாலும் அது வேதத்தில் அப்படியே இருக்கிறது. சொல்ல வார்த்தையே வராத நாளில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் சொன்ன "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்ற ஒரு வரி போதும். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுவதும் நல்லது. கேட்டவுடன் அறிவுரையில் இறங்காதவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருப்பு. கடவுளிடம் தன் முறையீட்டைச் சொல்லி முடித்த ஆபகூக் தீர்க்கதரிசி, பதிலைப் பார்க்கக் காவலிலே போய் நிற்கிறார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக்காகப் பரணில் விழித்திருப்பவர்களை அறிந்தவர்களுக்கு அந்த நிற்றல் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டில் தேதியிட்டு உங்கள் கேள்வியை எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல், மறுபடியும் அவரிடம் கேளுங்கள். பதில் என்று தோன்றுவது வந்தால் கீழே எழுதுங்கள். வராத வாரங்களில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.