ஆரஞ்சுப் பலகையைப் படிப்பது, ஆபத்தான சரக்கை ஏற்றுவது

டேங்கர் லாரியின் ஆரஞ்சுப் பலகையில் மேலே 33, கீழே 1203 என்று இருந்தால் உள்ளே இருப்பது பெட்ரோல். கீழ் வரிசையில் உள்ள நான்கு இலக்கம்தான் ஐ.நா. எண், சரக்கு இன்னதென்று சொல்வது அது. மேல் வரிசை ஆபத்தின் தன்மையைச் சொல்கிறது: 2 வாயு, 3 தீப்பற்றும் திரவம், 6 நச்சு, 8 அரிப்பு. ஒரே இலக்கம் இரட்டித்து வந்தால் அந்த ஆபத்து கடுமையானது. எண்ணுக்கு முன்னால் எக்ஸ் எழுத்து இருந்தால், தண்ணீர் பட்டாலே ஆபத்தாக வினைபுரியும். சோடியம் உலோகத்துக்கு எக்ஸ்423, 1428. அது எரியும்போது தண்ணீர் அடித்தால் ஹைட்ரஜன் வெளிவந்து தீ இன்னும் பெருகும்.

ஏற்றும் முன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள 16 பகுதிகளில் 14-வது பகுதி போக்குவரத்துக்கானது, ஐ.நா. எண், வகை, பொதிக் குழு மூன்றும் அங்கே இருக்கும். பொதிக் குழு 1 என்றால் அதிக ஆபத்து, 3 என்றால் குறைவு. டிரம்மில் பொறித்த குறியீட்டில் எக்ஸ் இருந்தால் மூன்று குழுவுக்கும் ஆகும், ஒய் என்றால் 2, 3-க்கு மட்டும், இசட் என்றால் 3-க்கு மட்டும்.

இனி, பலரும் தவறும் இடம். ஒரே லேபிள் ஒட்டிய இரண்டு சரக்கை அருகருகே வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். கந்தக அமிலம் (1830), வெளுப்புத் திரவமான ஹைப்போகுளோரைட் (1791) இரண்டும் 8-ஆம் வகைதான். பலகையிலும் இரண்டுக்கும் 80தான். ஆனால் இரண்டு டிரம்களும் கசிந்து தரையில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே லேபிளோடு நிற்காமல், எது எதோடு சேரக்கூடாது என்பதைத் தரவுத் தாளின் 10-வது பகுதியில் பாருங்கள்.

பெட்ரோல் நிரப்பும்போது எர்த் கிளாம்பை (டேங்கில் சேரும் மின்னேற்றத்தைத் தரைக்குக் கடத்தும் கம்பியின் கவ்வி) முதலில் மாட்டி, கடைசியில் கழற்றுங்கள். பெயின்ட் மேலோ துரு மேலோ கிளாம்பைக் கடித்து விட்டால் மாட்டியும் பயனில்லை. அதன் பல் வெறும் உலோகத்தில் பதிய வேண்டும். குழாய் வாய் திரவத்தில் மூழ்கும் வரை மெதுவாகத்தான் விடவேண்டும். மேலிருந்து தெறித்து விழுந்தால் நிலைமின்னேற்றம் சேரும், ஒரு பொறி போதும்.

டேங்கை வாய்வரை நிரப்பாதீர்கள். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். 10,000 லிட்டர் ஏற்றி வழியில் வெயிலில் 25 டிகிரி ஏறினால், சுமார் 250 லிட்டருக்கு இடம் வேண்டும். அதற்காகப் பாதி டேங்கோடு ஓட்டுவதும் சரியல்ல. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவில் திரவம் ஒரு பக்கம் பாய்ந்து வண்டியைக் கவிழ்த்துவிடும்.

கசிவு தெரிந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். காற்று வரும் திசையில், மேடான இடத்துக்கு விலகுங்கள். பெட்ரோல் ஆவியும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். தீயணைப்புத் துறையிடம் ஐ.நா. எண்ணைச் சொல்லுங்கள்.

இறக்கி முடித்ததும் 'காலி' என்று பலகையைக் கழற்றிவிடுவது பெரிய தவறு. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். காலி டேங்கில் காற்று புகப்புக அந்த அளவு வந்துவிடும். கழுவி, ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதிக்கும் வரை பலகை அப்படியே இருக்கட்டும்; வெல்டிங்கும் வேண்டாம்.