பிளஸ் ஒன் கணினி அறிவியல்: நிரலை முதலில் தாளில் ஓட்டிப் பாருங்கள்

பிளஸ் ஒன் வகுப்பில் கணினி அறிவியலை எடுத்துக்கொண்டு வரும் மாணவர்களில் பலர், முதல் சில வாரங்களிலேயே செய்முறை நிரல்களைச் செய்யுளைப் போல வரி வரியாக மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். சேலத்தில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. நூற்றில் 20 மதிப்பெண் செய்முறைக்கு, 10 அக மதிப்பீட்டுக்கு; எழுத்துத் தேர்வுக்கு உள்ள 70 மதிப்பெண்ணில் ஒரு நிரலைக் கொடுத்து அதன் வெளியீடு என்ன என்று கேட்டாலே மனப்பாடம் கைவிட்டுவிடும். கணினி இல்லாத தேர்வு அறையில் கணினி செய்வதை நீங்களே செய்தாக வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே அதைத்தான் பழக வேண்டும்.

அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டாலும் அதே எண் வருகிறதா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் நிரல் பிளஸ் ஒன் செய்முறையில் உண்டு. சேலத்து அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கமான 636ஐ அதற்கு எடுத்துக்கொள்வோம். எண் 636, திருப்பிய எண் 0 என்று தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிய எண்ணைப் பத்தால் பெருக்கி மீதியைக் கூட்டுகிறோம்; எண்ணைப் பத்தால் வகுத்து ஈவை வைத்துக்கொள்கிறோம். முதல் சுற்றில் 636ஐப் பத்தால் வகுத்த மீதி 6. திருப்பிய எண் 6 ஆகிறது, எண் 63 ஆகிறது. இரண்டாம் சுற்றில் மீதி 3. திருப்பிய எண் 63, எண் 6. மூன்றாம் சுற்றில் மீதி 6. திருப்பிய எண் 636, எண் 0. மடக்கு நிற்கிறது.

இப்போது கட்டத்தின் கடைசி வரிசையைப் பாருங்கள். திருப்பிய எண்ணை எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள்? எண் என்ற மாறியில் இருப்பது 636 அல்ல, பூச்சியம். மடக்கு தொடங்கும் முன்பே மூல எண்ணை வேறொரு மாறியில் எடுத்து வைக்காத மாணவரின் நிரல், 636 பாலிண்ட்ரோம் அல்ல என்று சொல்லிவிடும். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பி இதைப் பிழை என்று காட்டாது, ஏனென்றால் மொழியின் எழுத்து விதிகளான தொடரியலில் குற்றம் எதுவும் இல்லை. இந்தத் தருக்கப் பிழையைக் கட்டம் போட்டுப் பார்த்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். மனப்பாடம் செய்தவருக்கோ எந்த வரி விடுபட்டது என்றே தெரியாது.

இதே கட்டம் பிளஸ் டூவிலும் உதவும். முதலாம் ஆண்டில் சி++, இரண்டாம் ஆண்டில் பைத்தான் என்று பாடத்திட்டம் மொழியை மாற்றும்போது பலர் தடுமாறுவது சின்னச் சின்ன இடங்களில்தான். சி++ மொழியில் முழு எண் 636ஐப் பத்தால் வகுத்தால் 63 கிடைக்கும். பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 63.6 வரும், மூன்று சுற்றில் நிற்க வேண்டிய மடக்கு முந்நூறு சுற்றையும் தாண்டி ஓடும். அங்கே இரட்டைச் சாய்கோடு வேண்டும். மொழி மாறும்போது ஒரே நிரலை இரண்டிலும் எழுதி, இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

மடக்கின் எல்லையில் தவறுவது அடுத்த பெரிய சிக்கல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அச்சிட, ஒன்றில் தொடங்கி இருபதைவிடக் குறைவாக உள்ளவரை என்று நிபந்தனை எழுதினால், 19ஆம் வளைவோடு நிரல் நின்றுவிடும். பைத்தானில் ரேஞ்ச் என்பதற்குள் 1, 20 என்று கொடுத்தாலும் அதே கதைதான். 21 என்று கொடுக்க வேண்டும். எந்த மடக்கை எழுதினாலும் முதல் மதிப்பு என்ன, கடைசி மதிப்பு என்ன, மொத்தம் எத்தனை சுற்று என்ற மூன்றையும் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு அதன்பிறகு இயக்குங்கள்.

இருநிலை எண்களைப் படிக்கும்போது, வாய்ப்பு இருந்தால் சேலத்துக்கு அருகிலுள்ள இளம்பிள்ளைப் பக்கம் அட்டை போட்டு ஓடும் ஜக்கார்டு தறி ஒன்றை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாவிட்டால் கீழேயே இருக்கும். ஒன்று, பூச்சியம் என்பது அங்கே கண்ணெதிரே நடக்கிறது. அட்டைகளைக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் அதே கோலம் சேலை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. மடக்கு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியவில்லை. பிரான்சில் 1804இல் ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையைத்தான், பிற்காலத்தில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வு எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் வழியாகத் தேர்ந்தெடுத்தார்.

பிழைச் செய்திகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். சி++ நிரலில் இருபது பிழைகள் காட்டினாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி தொகுத்துப் பாருங்கள். பாதி தானாகவே மறைந்துவிடும். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் பிழை பெரும்பாலும் அடுத்த வரியில்தான் காட்டப்படும் என்பதால், சொல்லப்படும் வரிக்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும். பைத்தானிலோ செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பிழையின் வகை அங்கேதான் இருக்கும்.

வீட்டில் கணினி இல்லை என்பது தடையாகாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பைட்ராய்டு செயலியை ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே பைத்தான் ஓடும் என்பதால், சிக்னல் எட்டாத மலைக் கிராமத்திலும் பழகலாம். கலைச்சொற்களைப் பொறுத்தவரை, தமிழ் வழியில் படிப்பவர்கள் செயற்கூறு (function), தற்சுழற்சி (recursion), மரபுரிமம் (inheritance) ஆகியவற்றோடு அவற்றின் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே எழுதிப் பழகுவது நல்லது; கல்லூரியில் காத்திருப்பவை அந்தச் சொற்களே.

கடைசியாக ஒரு பயிற்சி. பிளஸ் டூவில் சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, திருப்பும் நிரலை எழுதிய பிறகு, அதில் “சேலம்” என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தான் ஐந்து என்று எண்ணும். ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்தையும் யுனிகோடு தனித்தனியாக வைத்திருப்பதே காரணம். யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், பைட்டுகளை எண்ணும் சி++ சரம் 15 என்று சொல்லும். திருப்பினால் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கும், ஏகாரக் குறி லகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு “மலேச” என்று வரும். இதைச் சரிசெய்ய, சரத்தை ஒவ்வொரு குறியாகப் படித்து, அது துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் பட்டியலின் கடைசி உறுப்போடு சேர்த்துவிட்டு, இல்லையென்றால் புதிய உறுப்பாக வைத்து, பிறகு பட்டியலைத் திருப்ப வேண்டும். கட்டம் போட்டு எழுதுங்கள். “ஏற்காடு” என்று கொடுத்தால் “டுகாற்ஏ” என்று வர வேண்டும்.