ஐம்பது நாள் நிற்காமல் ஓடும் பெட்டியைச் சோதிப்பது எப்படி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, கடலோர இறால் பண்ணைகளுக்குக் கண்காணிப்புப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். குளத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை, நாங்கள் டிஓ என்போம், அளந்து அரை மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். 4 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு, கீழே போனால் எச்சரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஒரு வனாமி இறால் குளத்தில் பெட்டியை ஆன் செய்தேன். ஏழு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பண்ணைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, பெட்டி ராத்திரியில மெசேஜா அனுப்பித் தள்ளிருக்கு. ஏரேட்டர் நின்னதை மட்டும் சொல்லலையே!" ஏரேட்டர் என்பது தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார். போய்ப் பார்த்தபோது இறால் கரையோரம் ஒதுங்கி மிதந்துகொண்டிருந்தது. டிஓ 1.8. பாதிக்கு மேல் போய்விட்டது.

காரணம் என் நிரலில் ஒரே ஒரு வரி. பெட்டிக்குள் இருக்கும் சில்லு, ஆன் ஆன நொடியிலிருந்து மில்லி செகண்டுகளை எண்ணும். 32 பிட் எண்ணியில், அதாவது 32 இரும இலக்கம் கொண்ட எண்ணியில், 429,49,67,295 வரைதான் இடம். அதற்குமேல் மறுபடி பூஜ்யம். கணக்குப் போட்டால் 49 நாள், 17 மணி, 2 நிமிடம், சொச்சம். காலை 10 மணிக்கு ஆன் செய்தால் விடிகாலை 3:02. குளத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும் நேரம் அது.

நான் எழுதியிருந்தது: "இப்போது > கடைசி + இடைவெளி" என்றால் மெசேஜ் அனுப்பு. 'கடைசி' என்பது முந்தைய மெசேஜ் போன நேரம், 'இடைவெளி' அரை மணி. எண்ணி நிரம்புவதற்கு முந்தைய அரை மணிக்குள் ஒரு மெசேஜ் போனதும் அந்தக் கூட்டுத்தொகை எல்லை தாண்டிச் சின்ன எண்ணாகிவிட்டது. நிபந்தனை ஓயாமல் உண்மையானது, ஐந்து செகண்டுக்கு ஒரு மெசேஜ் போனது. சிம்மின் அன்றைய 100 மெசேஜும் பத்து நிமிடத்துக்குள் தீர்ந்தது. பிறகு ஏரேட்டர் மோட்டார் டிரிப் ஆகி நின்றபோது சொல்ல வழியில்லை.

முந்தைய பட்டங்களில், அதாவது இறால் வளர்ப்புப் பருவங்களில், இது ஏன் தெரியவில்லை? வாரத்துக்கு ஒருமுறையாவது கரண்ட் போகும், பெட்டி புதிதாக எண்ணத் தொடங்கும். அந்தப் பட்டத்தில்தான் பேட்டரி வைத்தோம். நிற்காமல் ஓடும் பெட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். போயிங் 787 விமானத்திலும் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் நின்றுவிடக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. அதுவும் எண்ணி நிரம்பும் கோளாறுதான்.

நிரல் உங்கள் கையில் இருந்தால் அந்த வரியைத் தேடுங்கள். கூட்டலைக் கழித்தலாக்குங்கள்: "இப்போது − கடைசி >= இடைவெளி". பைக் மீட்டரை நினைத்துப் பாருங்கள். 99,990-இல் இருந்து 00,010-க்கு வந்தால் ஓடியது 20 கிலோமீட்டர். ஐந்து இலக்கத்துக்குள் கழித்தாலும் அதே 20 வரும். மாறிகள் எல்லாம் குறியில்லாத (கழித்தல் எண் வராத) 32 பிட்டாக இருக்க வேண்டும்.

திருத்தியதும் ஐம்பது நாள் காத்திருக்க வேண்டாம். நேரம் கேட்கும் இடத்திலெல்லாம் உங்கள் சொந்தச் செயல்கூற்றை (ஃபங்ஷன்) வைத்து, அது சில்லின் எண்ணோடு 429,25,67,296 சேர்த்துத் தரும்படி செய்யுங்கள். ஆன் செய்த 40-ஆவது நிமிடத்தில் எண்ணி திரும்பும். மேசையில் ஒரு வாளித் தண்ணீரில் சென்சாரைப் போட்டு, மெசேஜ்களை எண்ணிக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எண்ணி திரும்பிய பிறகு டிஓ அளவைக் குறைத்துக் காட்டி, எச்சரிக்கை வருகிறதா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நிரல் கையில் இல்லாத, வாங்கி வைத்த பெட்டி என்றால், 40-ஆம் நாள் பட்டப்பகலில், கையில் டிஓ மீட்டரோடு நின்று அணைத்துப் போடுங்கள். செட்டிங் எல்லாம் திரும்பி வந்ததா என்று சரிபாருங்கள். இது தற்காலிக வழிதான். விற்றவரிடம் எண்ணி எத்தனை பிட், நிரம்பினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

எச்சரிக்கையை மெசேஜாக வைக்காதீர்கள், போன் அழைப்பாக வையுங்கள். தினசரி அளவுக்கு ஒரு சிம், ஆபத்துக்கு வேறொரு சிம்.

தேதி வைத்து ஓடும் கருவிகளுக்கு வேறு எல்லைகள் உண்டு. பழைய ஜிபிஎஸ் கருவிகளின் வார எண்ணி 1024 வாரத்துக்கு ஒருமுறை திரும்பும். போன முறை 2019 ஏப்ரல் 7, நம் நேரம் காலை ஐந்தரை மணிவாக்கில். அடுத்தது 2038 நவம்பர். குறியுள்ள 32 பிட்டில் செகண்டு எண்ணுபவை 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குப் போய்விடும். மேசையில் கடிகாரத்தை அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வைத்துப் பாருங்கள். ஓடும் குளத்தில் இதைச் செய்யவே கூடாது.

பெட்டி மூடியின் உள்பக்கம், ஆன் செய்த தேதியையும் நேரத்தையும் மார்க்கரால் எழுதுங்கள். அதற்குக் கீழே 49 நாள் 17 மணி கூட்டி வரும் தேதியையும் எழுதி, அன்று ராத்திரி காவலுக்கு இருப்பவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.